மூன்றாம் ஓலை

மத்திகிரி கால்நடைப் பண்ணையில் அருள்மேரிக்குக் கோழிப் பிரிவில் வேலை. எரிகிற பல்புக்கு முன்னால் முட்டையைப் பிடித்துப் பார்த்து, கரு பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். நல்ல முட்டை வலப்பக்கத் தட்டுக்கு, கூமுட்டை இடப்பக்கத் தட்டுக்கு. எட்டு வருடமாக இதே வேலையைச் செய்கிறவள். அவள் கண்ணுக்கு எந்த முட்டையும் தப்பாது என்று பண்ணை முழுக்கப் பேச்சு. அந்தக் கண்ணை வீட்டிலும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டில் அம்மா லூர்தம்மாளும் தம்பி ஜான்பீட்டரும். அப்பா அதே பண்ணையில் குதிரை பராமரித்தவர். அவர் காய்ச்சலில் போனபின் பதினெட்டு வயதில் அருள்மேரி வேலைக்கு வந்தாள். தம்பி அவளைவிட ஐந்து வயது இளையவன், ஒற்றை ஆண்பிள்ளை. வீட்டில் முட்டை என்று ஒன்று வந்தால் அவன் தட்டுக்குத்தான் போகும். நாளெல்லாம் முட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

பீட்டருக்குப் படிப்பு ஏறவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் இங்கிலீஷில் விழுந்தான். ஒரு முறை கணக்கும் துணைக்கு வந்தது. ஆனால் லத்தீன் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்லுபாளையம் சூசையப்பர் கோயிலில் எட்டு வயதிலிருந்து பூசைக்கு உதவியவன். அந்தக் காலத்தில் சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்தபடி லத்தீனில் ஏதோ சொல்வார். கோயிலில் மூச்சுச் சத்தம் கேட்காது. படியில் மண்டியிட்டிருக்கும் பீட்டர் ஒருவன்தான் பதில் சொல்வான். முந்நூறு பேருக்கும் சேர்த்து ஆண்டவரிடம் பேசும் உரிமை அவன் கையில் இருந்தது. ஒரு வார்த்தைக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியாது. கேட்பவர்களுக்கும் தெரியாது என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் லூர்தம்மாள் காபி கொடுக்கும்முன் மகனைக் கூப்பிட்டு லத்தீன் சொல்லச் சொல்வாள். பக்கத்துக் கேழ்வரகுக் காட்டுக்காரி நாகம்மா, வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் இவர்களிடம் தமிழும் பேசுகிறவள், ஒருநாள் முழுவதையும் கேட்டுவிட்டு, தங்கள் கோயில் ஐயர்கூட நடுவில் மூச்சு வாங்குவார், இவன் வாங்குவதே இல்லை என்று மெச்சினாள். அந்தப் பாராட்டில் பீட்டர் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

அறுபத்தேழில் புதுச் சாமியார் வந்தார். இளம் வயது, சைக்கிளில் போகிறவர். ரோமாபுரி உத்தரவு வந்துவிட்டது, இனி பூசை அவரவர் பாஷையில் என்றார். பழைய பீடத்துக்கு முன்னால் புது மர மேசை ஒன்றைப் போட்டு, அதற்குப் பின்னால் நின்று ஜனங்களின் முகத்தைப் பார்த்தார். அந்த முதல் ஞாயிறு, சாமியார் தமிழில் ஒன்று சொல்லவும், கோயில் முழுக்கத் தமிழில் பதில் சொன்னது. கிழவிகள் சொன்னார்கள். கைக்குழந்தைக்காரிகள் சொன்னார்கள். பத்து வருடமாகப் பின்சுவரில் சாய்ந்து தூங்கும் காவல்காரரும் சொன்னார். பீட்டர் படியில் மண்டியிட்டபடி, பாதித் திறந்த வாயோடு திரும்பிப் பார்த்தான். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அருள்மேரிக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் தோள் குலுங்கியது. பீட்டர் அதைப் பார்த்துவிட்டான்.

அடுத்த வாரமே உதவிக்குப் போவதை நிறுத்தினான். முழங்கால் வலி என்றான். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வலி என்றால் எண்ணெய் தடவ அம்மா இருக்கிறாள். தடவினாள். வலி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு வேலை தேடும் படலம். ஓசூரில் அப்போது வேலை என்று சொல்ல அதிகம் இல்லை. பெங்களூருக்கு ஒரு மணி நேர பஸ். தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினான். அங்கே கன்னடம் தெரியாதா என்றார்கள், தெரியும் என்றான். இங்கிலீஷ் பாஸா என்றார்கள், அதற்குப் பதில் இல்லை. ஒரு இடத்தில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமலே கையை ஆட்டிவிட்டான். இப்படி ஏழெட்டு முறை. அன்றெல்லாம் பஸ் ஏறும் முன் ஏதாவது ஒரு கோயிலில் போய் உட்கார்ந்து வருவான். அப்படி ஒரு நாள் கோயில் வாசலில் அவனை நிறுத்தியவர், தந்தி ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர்.

அவர் பீட்டரை வீட்டுக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பீங்கான் கோப்பையில் காபி வந்தது, பிஸ்கட் வந்தது. லத்தீன் தெரியுமா என்று கேட்டார். பீட்டர் முழுவதையும் ஒப்பித்தான். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பூசையைத் தமிழிலும் கன்னடத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்தது சாத்தானின் வேலை என்றும், சபைக்குள் துரோகிகள் நுழைந்துவிட்டார்கள் என்றும், அதை எதிர்த்து நிற்க உன்னைப்போல் சுத்தமான வாலிபர்கள்தான் வேண்டும் என்றும் சொன்னார். மாதக்கணக்காக அந்த ஊரில் யாரும் அவனை வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பீட்டர் நம்பியிருப்பான். கோழி வளர்ப்பதே பாவம் என்றிருந்தால் அக்காவின் வேலை அன்றோடு போயிருக்கும்.

மாதா மாதம் டைப் அடித்த இங்கிலீஷ் சுற்றறிக்கை தபாலில் வர ஆரம்பித்தது. மூன்று முறை தோற்ற இங்கிலீஷை பீட்டர் இப்போது அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக உழுதான். இதே உழைப்பைப் பரீட்சைக்குப் போட்டிருந்தால் என்ற எண்ணம் அருள்மேரிக்கு வந்தது. சொல்லவில்லை.

அறுபத்தெட்டில் சேனை பிறந்தது. 'வேதக் காவல் சேனை'. ஆள்பலம் நான்கு. மதவெறி என்றால் தடித் தடிப் புத்தகங்களைப் படித்து வருவது என்று நினைப்பவர்கள் இந்த நால்வரைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவன், மீசை முளைத்த பிறகும் அப்பனிடம் நடுத்தெருவில் அடி வாங்குகிறவன். ஒருவன், பேசி வைத்த பெண்ணைத் தொழிற்சாலை மாப்பிள்ளைக்குப் பறிகொடுத்தவன். இன்னொருவன் பெங்களூர்ப் பெரியவரின் பிஸ்கட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவன். நான்காவது பீட்டர், தளபதி. வெள்ளைச் சட்டையின் இடது பக்கத்தில் சிவப்பு நூலில் சிலுவை. தைத்துக் கொடுத்தது அருள்மேரிதான். ஏதோ சங்கம், ஊர் சுற்றாமல் கோயில் காரியம் பார்க்கிறான் என்று நினைத்தாள்.

சேனைக்குச் சட்டம் உண்டு. தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்களுக்கு வணக்கம் சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூடாது. அம்மாவும் அக்காவும் ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள். சட்டப்படி தளபதி பட்டினி கிடக்க வேண்டும். இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள், சோற்றின்மேல் லத்தீன் ஜெபம் சொன்னால் தோஷம் போய்விடும் என்று சுற்றறிக்கையில் எங்கோ கண்டுபிடித்தான். அதிலிருந்து அருள்மேரி குழம்பு ஊற்றியதும் சேர்ந்தாற்போல இரண்டு நிமிடம் ஜெபம் நடக்கும். குழம்பு ஆறிப்போகும். ஆறிய குழம்புக்கு அவன் முகம் சுளிக்கும்போது, கூமுட்டை என்று அவள் தலையில் தட்டிவிட்டுப் போவாள்.

அந்த வருடக் கடைசியில் ஒரு பட்டப்பகலில் சேனை கோயிலுக்குள் நுழைந்து புது மேசையைத் தூக்கியது. ஏரியில் போடுவதாகத் திட்டம். பலா மரத்தில் செய்த மேசை, நான்கு பேருக்குப் பத்தடிதான் தாங்கியது. வழியில் வந்த நாகம்மாவின் புருஷன் வெங்கடப்பன், பிள்ளைகள் ஏதோ திருவிழாவுக்குக் கோயில் சாமானை மாற்றுகிறார்கள் என்று எண்ணி மாட்டுவண்டியைக் கொடுத்து உதவினார். வண்டியை ஓட்டியவர் அவர். மாடுகளுக்குத் தெரிந்த வழி களத்துக்கு. சாயங்காலம் சாமியார் போய்ப் பார்த்தபோது மேசை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இருந்தது, மேலே நாகம்மா கேழ்வரகு காயப்போட்டிருந்தாள். ஊரே சிரித்தது. சாமியாரும் சிரித்தார், போலீசுக்குப் போகவில்லை. அருள்மேரியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது தம்பியின் கட்டிலுக்கடியில் ஒரு கோடரி இருந்ததைப் பார்த்தாள். மேசையை ஏரியில் போடுவதற்கு முன் உடைக்க வைத்திருந்தது. கோடரியைக் கொண்டுபோய் நாகம்மா வீட்டில் கொடுத்துவிட்டு, அம்மாவிடம்கூட அதைச் சொல்லாமல் இருந்தாள்.

இதற்கு நடுவே அவளுக்கு ஒரு வரன் வந்தது. காவேரிப்பட்டினம் பிரகாசம். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற வேலை, முப்பது வயது, அதிகம் பேசாதவன். பெண் பார்க்க வந்தபோது அவன் கேட்ட ஒரே கேள்வி, முட்டைக்குள் கரு இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்பது. அருள்மேரி கால் மணி நேரம் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். இருபத்தாறு வயதில், வருகிற வரனெல்லாம் தம்பிக்கு வேலையில்லை என்று கழன்று போவதைப் பார்த்தவள் அவள். இந்த மனிதனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததை ஒளிக்கவும் தெரியவில்லை. மறுநாள் நல்ல முட்டை நான்கை இடப்பக்கத் தட்டில் போட்டாள்.

பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், கழிந்து கல்யாணம் என்று நிச்சயமானது. வேதக்காரர்கள் கல்யாணத்தில் ஓலை வாசிப்பது என்று ஒன்று உண்டு. மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும், மறைத்தால் பாவம் என்பார். யாரும் எதுவும் சொல்வதில்லை. சொன்னதாக அந்தக் கோயிலில் யாருக்கும் நினைவுகூட இல்லை. முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாம் ஓலையன்று, பூசை முடிந்ததும் பெங்களூருக்குச் சேலை எடுக்கப் போகலாம் என்று பிரகாசத்தின் தாய்மாமனும் இரண்டு உறவுக்காரர்களும் கோயிலுக்கு வந்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாதச் சுற்றறிக்கையில் பெரியவர் எழுதியிருந்தார்: புதுமுறையில் நடக்கும் கல்யாணம் கல்யாணமே அல்ல, உண்மை வீரன் அதைச் சபைமுன் சொல்லத் தயங்கமாட்டான். சாமியார் ஓலையை வாசித்து முடித்ததும், மாதக்கணக்காகக் கோயில் பக்கம் வராத பீட்டர் வாசலில் நின்று உரக்கச் சொன்னான்.

"தடை இருக்குது."

இதற்குப் பிறகு ஒரு பிரசங்கமே வைத்திருந்தான். இரவல் வாங்கிய வார்த்தைகளையெல்லாம் கோத்து ஒரு வாரம் மனப்பாடம் செய்தது. ஆனால் எழுந்த இரைச்சலில் அதைக் கேட்க ஆள் இல்லை. தாய்மாமன் அந்த இரண்டு வார்த்தையோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பீட்டரின் லத்தீனும் சாத்தானும் அவருக்கு எதற்கு? கூடப்பிறந்த தம்பியே சபைமுன் தடை என்கிறான். ஒரு தம்பிக்குத் தன் அக்காளைப் பற்றி என்ன தெரிந்திருக்கும் என்று ஊகிக்க அவருக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. மத்தியான பஸ்ஸில் அந்த ஊகம் காவேரிப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை பண்ணைக்கும் வந்துவிட்டது.

அருள்மேரி வேலைக்குப் போனபோது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்காமல் வேலை சொன்னார். யார் அந்த ஆள் என்று நேராகவே கேட்டவள் பக்கத்து மேசை சாந்தம்மா ஒருத்திதான், அதுவும் அக்கறையோடு. புதன்கிழமை தாய்மாமனின் கடிதம் வந்தது. கொஞ்ச காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்றால் என்ன என்று இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லூர்தம்மாள் படுத்துவிட்டாள். கல்யாணம் போனால் போகட்டும், பெயரும் சேர்ந்து போகிறதே என்று அருள்மேரி பல்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

அன்று மாலை அவள் தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பதை ஒன்று விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க பீட்டர் முகம் கறுத்தது. குதித்து எழுந்தான்.

"எவன் சொன்னான்க்கா? பேரைச் சொல்லு. வெட்டிப்புடறேன்."

"நீதான்டா சொன்ன."

அவன் நின்றது நின்றபடி நின்றான். தான் சொன்னது வேதத்தைப் பற்றி, அவளைப் பற்றி அல்ல என்று விளக்கப் பார்த்தான். அந்த விளக்கம் அவன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, பாதியில் விட்டுவிட்டான். அருள்மேரிக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அவன் வாய் பாதி திறந்திருந்த விதம் அவளுக்கு எதையோ நினைவுபடுத்தியது. இரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னிக்கு கோயில்ல நான் சிரிச்சது தப்புடா பீட்டரு. ஊரு மொத்தமும் உன் வேலையப் புடுங்கிக்கிச்சு. நான் உக்காந்து சிரிச்சேன்."

பீட்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது சிரிப்பால் அல்ல. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். வரும் ஞாயிறு பூசையில் எழுந்து, தடை இல்லை என்று அதே ஜனங்கள்முன் சொல்ல வேண்டும். தமிழ்ப் பூசைக்குள் கால் வைப்பதில்லை என்று முழங்காலில் நின்று சத்தியம் செய்தவன் அவன். பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். தன் அக்காளின் மானத்துக்குப் பெங்களூரிலிருந்து அனுமதி வர வேண்டுமாம். அருள்மேரிக்கு அவனை அறையலாம் போல இருந்தது. கார்டு வாங்கக் காசு கொடுத்தாள்.

பதில் சனிக்கிழமை வந்தது. பீட்டர் வாசலில் உட்கார்ந்து அகராதியை மடியில் வைத்துக்கொண்டான். நான்கே வரி. உறுதியாக நில், பின்வாங்குகிறவன் யூதாசு என்பது மூன்று வரி. கடைசி வரியில் சகோதரியைப் பற்றி எழுதியிருந்தது. அதில் ஒரு சொல் அவனுக்குத் தெரியவில்லை. பக்கங்களைப் புரட்டினான். கண்டுபிடித்தான். அகராதியை மூடிவிட்டு, தப்பாகப் பார்த்திருப்போம் என்று மறுபடி திறந்து பார்த்தான். நாகம்மா அந்த நேரம் கேழ்வரகு மாவோடு வந்து, "ஏமப்பா பீட்டரு, வேலைக்கு ஆர்டரா?" என்று கேட்டாள். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். கார்டை அருள்மேரி எடுத்துப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. அகராதியில் அவன் நகத்தால் கோடு போட்டிருந்த இடத்தில் தமிழ் அர்த்தம் இருந்தது: பொருட்படுத்தத் தேவையில்லாத.

மறுநாள் பூசைக்கு அவள் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். காவேரிப்பட்டினத்தாரில் ஒருவரும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆண்கள் பக்கம், கடைசிப் பாயில், முதல் பஸ்ஸுக்கு வந்த சிவந்த கண்ணோடு பிரகாசம் தனியாக உட்கார்ந்திருந்தான். மாமனுக்குத் தெரியாமல் வந்திருக்க வேண்டும். இவளைப் பார்க்கவில்லை. பிரசங்கம் முடிந்தது. பீட்டர் வரவில்லை. சாமியார் அறிக்கைகளை வாசிக்கத் தொடங்கினார், ஏரிக்கரைத் திருவிழா, சவேரியார் மன்றக் கூட்டம். அதுவும் முடிந்தது. அவர் தாளை மடித்தபோது, கதவருகே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

பீட்டர் வெறும் சட்டையில் வந்திருந்தான். சிலுவை தைத்த இடத்தில் நூல் பிரித்த ஓட்டைகள் தெரிந்தன. நடுவழியில் வந்து நின்றான். முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லத்தீனில் ஒரு தடவைகூடத் திக்காதவனுக்குத் தமிழில் முதல் வார்த்தை வர வெகு நேரமாயிற்று.

"எங்க அக்கா கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லீங்க. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. போன வாரம் நான் வாசல்ல நின்னு கத்துனப்ப..." என்று நிறுத்தினான். "அவ நெனப்பே எனக்கு இல்லீங்க. அவ அங்க உக்காந்திருக்கான்றதே எனக்குத் தோணல."

லூர்தம்மாள் மகளின் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. சொல்லி முடித்தவனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பழைய இடம், பீடத்துப் படி, அங்கே இப்போது வேறு இரண்டு பிள்ளைகள். திரும்பிப் போவதா நிற்பதா என்று கையைப் பிசைந்துகொண்டு நடுவழியில் நின்றான். தளபதி எங்கே போனானோ, பெருவழியில் பஸ்ஸைத் தவறவிட்ட பையனைப்போல ஒருவன்தான் அங்கே மிச்சம்.

அப்போது கடைசிப் பாயில் பிரகாசம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினான். பீட்டர் போய் உட்கார்ந்தான். பூசை தொடர்ந்தது.